தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு பதிலின் கடைசியில், "காற்றே இல்லாத இடத்தில், மின்னூட்டம் இல்லாத இரண்டு உலோகத் தட்டுகளை மிக நெருக்கமாக வைத்தால் அவை ஒன்றையொன்று இழுக்கும்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். எழுதிய நான் மறந்துவிட்டேன், படித்தவர்கள் மறக்கவில்லை. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஆகவே இந்த முறை மழைமானி, மின்தூக்கி பற்றிய மற்றக் கேள்விகள் காத்திருக்கட்டும்.

மின்னூட்டம் இல்லை, காந்தம் இல்லை. சின்னத் தட்டுகளின் ஈர்ப்பு விசையோ கணக்கிலேயே வராது. பிறகு எதுதான் இழுக்கிறது? ஒன்றுமில்லாத வெற்றிடத்துக்கு ஏது பலம்?
கல்லூரி மாணவர், திருநெல்வேலி

தம்பி, தம்புராவை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தியின் இரண்டு முனைகளும் கட்டப்பட்டிருப்பதால் அது நினைத்தபடியெல்லாம் அதிர முடியாது. முனைகளுக்கு நடுவே அரை அலை அடங்கலாம், ஒரு முழு அலை அடங்கலாம், ஒன்றரை அடங்கலாம். முக்காலுக்கு அங்கே இடம் இல்லை. எதிரெதிரே நிற்கும் இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவில் மின்காந்த அலைகளுக்கும் இதே கட்டுப்பாடுதான்.

இனி குவாண்டம் இயற்பியல் சொல்வதைக் கேளுங்கள். எந்த மின்காந்தப் புலமும் முற்றிலும் அடங்கிச் சும்மா இருக்க முடியாது. விளக்கை அணைத்து, காற்றை உறிஞ்சி, வெப்பநிலையை, அதற்குக் கீழே குளிரவே முடியாத தனிச்சுழிக்குக் கொண்டுபோனாலும் ஒரு மெல்லிய துடிப்பு மிஞ்சும். தட்டுகளுக்கு வெளியே எல்லா அளவு அலைகளும் துடிக்கின்றன. உள்ளே, பொருந்துகிற அலைகள் மட்டும். இந்த வித்தியாசம் தட்டுகளை உள்நோக்கித் தள்ளுகிறது. இதுதான் காசிமிர் விசை.

எவ்வளவு பலம் என்று கேட்டீர்களே, அதைச் சொல்கிறேன். முழு நிறைவான கண்ணாடியைப் போன்ற உலோகம் என்று வைத்துக்கொண்டால், இடைவெளி 1 மைக்ரோமீட்டராக இருக்கும்போது அழுத்தம் 0.0013 பாஸ்கல். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர் என்பதை நினைவில் வையுங்கள். மேசைமேல் கிடக்கும் ஒரு சாதாரண 80 கிராம் ஜெராக்ஸ் தாள் மேசையை அழுத்துவது 0.8 பாஸ்கல். அதில் அறுநூறில் ஒரு பங்குகூட இது தேறாது.

ஆனால் இடைவெளியைப் பாதியாக்கினால் விசை பதினாறு மடங்காகும். 0.2 மைக்ரோமீட்டரில் அந்தத் தாளின் எடைக்குச் சமமாகிவிடும். 0.01 மைக்ரோமீட்டரில், அதாவது 10 நானோமீட்டரில், சூத்திரம் தருவது 1,30,000 பாஸ்கல். நம் தலைமேல் நிற்கும் வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்று அதிகம். உண்மையான உலோகம் அவ்வளவு தராது, தங்கத்துக்கே 0.1 மைக்ரோமீட்டரில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். தங்கமும் எல்லா அலைகளுக்கும் நல்ல கண்ணாடி அல்ல என்பதே காரணம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். "வெற்றிடம் தள்ளுகிறது" என்பது இந்தக் கணக்கைச் சொல்வதற்கு ஒரு வழி மட்டுமே. இதே விசையை, தட்டுகளில் இருக்கும் மின்துகள்களின் ஓயாத நடுக்கம் ஒன்றோடொன்று ஒத்துப்போவதாக வைத்தும் கணக்கிடலாம். 1950-களில் மாஸ்கோவில் லிஃப்ஷிட்ஸ் என்ற இயற்பியலாளர் செய்தது ஏறக்குறைய அதுதான். 2005-இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் ஜாஃபி, இந்த விசையை அளந்துவிட்டதால் மட்டுமே வெற்றிட ஆற்றல் மெய்யென்று நிரூபணமாகிவிடாது என்று தெளிவாகவே எழுதினார். எனக்கும் உலோகத்தின் பக்கம் நின்று பார்ப்பதுதான் பிடிக்கும். முப்பத்தொரு ஆண்டுகள் உலோகத்தோடு பிழைத்தவன் வேறு எப்படிப் பார்ப்பான்?

வெற்றிடத்தை எண்ணியே வாழ்நாளைக் கழித்த ஞானிதான் இதைக் கண்டுபிடித்திருப்பார் இல்லையா?
வாசகி, மன்னார்குடி

இல்லை அம்மா. பல்பும் ரேடியோவும் விற்ற கம்பெனியின் சம்பளக்காரர். நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரிலுள்ள பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர் ஹென்ட்ரிக் காசிமிர். பக்கத்தில் ஃபெர்வே, ஓவர்பேக் என்ற இருவர், திரவத்தில் மிதக்கும் நுண்துகள்கள் எப்போது திரண்டு படியும், எப்போது படியாமல் நிற்கும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். துகள்களுக்கிடையேயான ஈர்ப்புக்கு அதுவரை புழக்கத்தில் இருந்த சூத்திரம், தூரம் கூடும்போது சோதனையோடு ஒத்துவரவில்லை. நிஜத்தில் விசை இன்னும் வேகமாகக் குறைகிறதோ என்று ஓவர்பேக்குக்குச் சந்தேகம்.

காரணம் தாமதம். ஒரு அணு நடுங்குகிறது. அந்தச் சேதி அடுத்த அணுவுக்குப் போய், பதில் திரும்பி வர வேண்டும். சேதி போவது ஒளியின் வேகத்தில்தான். தூரம் அதிகமானால், பதில் வந்து சேர்வதற்குள் முதல் அணு வேறு பக்கம் திரும்பியிருக்கும். பையனுக்குப் பெண் பார்த்துக் கடிதம் போட்டு, பதில் வருவதற்குள் பையன் மனம் மாறிவிட்ட கதை. காசிமிரும் சக ஆய்வாளர் போல்டரும் சேர்ந்து இதைக் கணக்கிட்டார்கள். கிடைத்த விடை எதிர்பாராத அளவுக்கு எளிமையாக இருந்தது. ஒரு நடையின்போது காசிமிர் அதை டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போரிடம் சொல்ல, அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இதற்கும் சுழிநிலை ஆற்றலுக்கும், அதாவது எல்லாம் அடங்கிய பின்னும் மிஞ்சும் அந்தத் துடிப்பின் ஆற்றலுக்கும், தொடர்பு இருக்க வேண்டும் என்பதுபோல ஏதோ முணுமுணுத்தாராம். பின்னாளில் காசிமிரே நினைவுகூர்ந்தது இது. 1948-இல் இரண்டு தட்டுகளைப் பற்றிய அந்தச் சின்னக் கட்டுரை வெளிவந்தது.

எங்கள் டூல் ரூமில் ஸ்லிப் கேஜ்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்தால் பசை போட்டதுபோல் நிற்கின்றன. இந்த விசைதானே அது?
தொழிலாளி, ஓசூர்

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு இருபத்திரண்டு வயது திரும்பிவிட்டது.

அளவுப் பிரிவில் நான் பயிற்சியில் சேர்ந்த முதல் மாதம். பெரியவர் ஒருவர் இரண்டு ஸ்லிப் கேஜ்களை, அதாவது நீளத்தைத் துல்லியமாகச் சரிபார்க்க உதவும் எஃகுக் கட்டைகளை எடுத்தார். பெட்ரோல் தொட்டுத் துடைத்தார். மெல்லிய தோலால் ஒருமுறை தடவினார். ஒன்றை மற்றொன்றின் மேல் குறுக்காக, கூட்டல் குறிபோல வைத்து, கட்டைவிரலால் லேசாக அழுத்தி, அப்படியே திருப்பி நேராக்கினார். திருப்பும்போது வழவழவென்று போனது, பாதியில் சட்டென்று இறுகியது. அந்த இறுக்கம் கைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. மேல்கட்டையை மட்டும் பிடித்துத் தூக்கினார். கீழ்க்கட்டையும் கூடவே வந்தது. "இழுக்கக் கூடாது, வழுக்கித்தான் பிரிக்க வேண்டும்" என்றார். நான் அதைப் பாதிதான் கேட்டுக்கொண்டேன். பொங்கல் விடுமுறைக்கு முந்தைய மாலை ஒரு ஜோடியை ஒட்டியபடியே பெட்டியில் வைத்துவிட்டுப் போனேன். நான்கு நாள் கழித்து வந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகிவிட்டிருந்தன. பிரித்தபோது ஒன்றின் முகத்தில் கீறல். பெரியவர் திட்டவில்லை, அந்தக் கட்டையை என் மேசைமேல் காகிதம் பறக்காமல் இருக்க வைத்துவிட்டுப் போனார். நான் ஓய்வு பெறும்வரை அது அங்கேயே இருந்தது.

கேள்விக்கு வருகிறேன். ஸ்வீடன் நாட்டு யோஹான்சன், துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தபடியே உருவாக்கியவை இந்தக் கட்டைகள். அவற்றை ஒட்டவைப்பது காற்றழுத்தம் என்று பல பட்டறைகளில் சொல்வார்கள். வெற்றிடத்திலும் ஒட்டி நிற்கும் என்பதால் அது முழுக் காரணம் அல்ல. முகங்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய், ஈரப் படலத்தின் பரப்பு இழுவிசை ஒரு பங்கு. மேடும் மேடும் அநேகமாகத் தொட்டுக்கொள்ளும் இடங்களில் மூலக்கூறுகளுக்கிடையேயான ஈர்ப்பு இன்னொரு பங்கு. சுத்தமாக, ஈரமே இல்லாமல் துடைத்த கட்டைகள் சரியாக ஒட்டுவதில்லை என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அந்த மூலக்கூறு ஈர்ப்பும் காசிமிர் விசையும் அந்நியர்கள் அல்ல. வீட்டில் கூப்பிடும் பெயரும் ரேஷன் கார்டில் இருக்கும் பெயரும் மாதிரி. சில நானோமீட்டர் நெருக்கத்தில், சேதி போய்வரும் தாமதம் பொருட்டே அல்லாதபோது, அதன் பெயர் வான் டெர் வால்ஸ் விசை. நூறு நானோமீட்டரும் அதற்கு மேலும் போய், தாமதம் கணக்கில் வந்தால் காசிமிர் விசை. உங்கள் கட்டைகள் செய்வது வீட்டுப் பெயர் வேலை.

இத்தனை சிறிய விசையை யார், எப்படி அளந்தார்கள்? அளந்ததாகச் சொல்வதை எப்படி நம்புவது?
ஓய்வுபெற்ற எழுத்தர், காரைக்குடி

சந்தேகப்பட்டது சரி. அளந்த கதைதான் எனக்குக் கண்டுபிடித்த கதையைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

1 செ.மீ. அகலத் தட்டுகள், நடுவே 1 மைக்ரோமீட்டர். அகலம் இடைவெளியைப் போலப் பத்தாயிரம் மடங்கு. 100 மீட்டர் நீளமுள்ள இரண்டு கான்கிரீட் தளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, முழு நீளத்துக்கும் 1 செ.மீ. மட்டுமே விட்டு, தொடாமல் நிறுத்துவது போன்றது இது. ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு சாய்ந்தாலும் ஒரு ஓரம் போய் இடித்துவிடும். நடுவில் ஒரே ஒரு தூசி போதும், தட்டுகள் நெருங்கவே நெருங்காது. தூசியை நான் அறிவேன். அளவு அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கதவு தாண்டி, வேட்டியை மடித்துக் கட்டாமல் உள்ளே போன காலத்திலும் அது எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

அடுத்த எதிரி மின்சாரம். தரையிணைப்பு கொடுத்துவிட்டாலும் உலோகப் பரப்பில் அங்கங்கே சில மில்லிவோல்ட் வித்தியாசம் தங்கிக்கிடக்கும். 1 மைக்ரோமீட்டர் இடைவெளியில் வெறும் 17 மில்லிவோல்ட் இருந்தாலே அதன் இழுப்பு காசிமிர் விசைக்குச் சமம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டார்ச் விளக்கின் ஒற்றை பேட்டரியை இரண்டு தட்டுக்கும் இணைத்தால், அதன் இழுப்பு ஏழாயிரம் மடங்குக்கும் மேல். அந்தப் பேரிரைச்சலுக்குள் இந்த முனகலைக் கேட்க வேண்டும்.

1958-இல் அதே பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஸ்பார்னாய் முயன்றார். அளந்த விசை எவ்வளவோ அவ்வளவு பிழையும் இருந்தது. அவர் எழுதியது இதுதான்: முடிவுகள் காசிமிரின் கணிப்புக்கு முரணாக இல்லை. "நிரூபித்துவிட்டேன்" என்று எழுதவில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. அளக்கிறவன் அப்படித்தான் எழுத வேண்டும்.

பிறகு ஏறக்குறைய நாற்பது ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. 1997-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்டீவ் லாமரோ, இரண்டு தட்டு என்ற பிடிவாதத்தை விட்டார். ஒன்று தட்டை, எதிரே குவிந்த கண்ணாடி வில்லை. இரண்டின் முகத்திலும் தங்கப் பூச்சு. வளைந்த பரப்பை எப்படித் திருப்பினாலும் தட்டைக்கு நெருக்கமான புள்ளி ஒன்றுதான், ஆகவே சாய்வுத் தொல்லை ஒழிந்தது. மெல்லிய கம்பி முறுகுவதைக் கொண்டு விசையை அளக்கும் முறுக்குத் தராசில் தொங்கவிட்டு, 0.6 முதல் 6 மைக்ரோமீட்டர் வரை அளந்தார். கணக்கோடு 5 சதவீத அளவுக்குப் பொருந்தியது என்று வெளியிட்டார். அடுத்த ஆண்டே கலிபோர்னியாவின் ரிவர்சைடில் உமர் மொஹிதீனும் அனுஸ்ரீ ராயும் நுண்ணிய நுனியால் பரப்பைத் தடவி உணரும் அணுவிசை நுண்ணோக்கியின் நுனியில் 0.2 மில்லிமீட்டர் உருண்டை ஒன்றை ஒட்டி, உலோகம் பூசி, இன்னும் நெருக்கமாகப் போய் அளந்தார்கள்.

இரண்டு நேர் தட்டுகளை அப்படியே வைத்து அளந்தே தீருவது என்று இத்தாலியில் பாதுவா நகரக் குழு ஒன்று உட்கார்ந்தது. 2002-இல் முடித்தார்கள், துல்லியம் 15 சதவீதம். உருண்டைக்காரர்கள் ஒரு சதவீதத்துக்குப் போன பிறகு 15 என்பது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். 100 மீட்டர் தளத்தை நினைத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

கடலில் அருகருகே நிற்கும் இரண்டு பாய்மரக் கப்பல்களை அலைகள் தள்ளி மோதவிடும், அதுதான் காசிமிர் விளைவு என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?
வாசகர், தூத்துக்குடி

அழகான கதை. 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மாலுமி நூல் ஒன்றில் இப்படி இருப்பதாக 1996-இல் ஓர் இயற்பியல் கட்டுரை வந்தது. எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள், நான் உட்பட. இதே பத்தியில் நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். பிற்பாடு ஒருவர் மூலநூலையே எடுத்துப் படித்தபோது, அங்கே சொல்லியிருந்தது அலையே இல்லாத அமைதிக் கடலைப் பற்றி என்று தெரிந்தது. உவமை அதோடு கவிழ்ந்தது. அதற்கு ஈடாக உண்மையான ஒன்று இருக்கிறது: 1998-இல் அமெரிக்காவில் ஒலிபெருக்கி இரைச்சலுக்கு நடுவே இரண்டு தட்டுகளை வைத்து, ஒலி அலைகளே அவற்றைத் தள்ளுவதை அளந்து காட்டினார்கள்.

வெற்றிட ஆற்றலிலிருந்து இலவச மின்சாரம் தரும் கருவி என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. முன்பணம் கட்டலாமா?
வாசகர், சேலம்

கட்டாதீர்கள்.

கிணற்றுக்குள் வாளி விழும்போது ராட்டினம் சுற்றும். அந்தச் சுற்றலில் வேலை வாங்கலாம், ஒரு தடவை. வாளியை மறுபடி மேலே கொண்டுவர அதே அளவு நீங்கள் இறைக்க வேண்டும். தட்டுகளும் அப்படித்தான். அந்த ஒரு தடவையும் எவ்வளவு தெரியுமா? ஒரு சதுர மீட்டர் தட்டுகள், சூத்திரம் முழுதாகப் பலித்து, 10 நானோமீட்டர் வரை நெருங்கினால் கிடைக்கும் ஆற்றல், ஒரு ஏ4 தாளை ஒரு சென்டிமீட்டர் தூக்கப் போதாது. முன்பணத்தை எண்ணும் விரல்கள் அதைவிட அதிகம் செலவழிக்கும்.

உள்ளே எண்ணற்ற அலைகள், வெளியேயும் எண்ணற்ற அலைகள். முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால் 0.0013 எப்படி வரும்? என் மாணவர்கள் கேட்டால் நான் என்ன சொல்வது?
கணித ஆசிரியை, கும்பகோணம்

ஊர்ப் பெயரைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். உங்கள் ஊரில் படித்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜன், 1913-இல் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியபோது, 1 + 2 + 3 + 4 என்று முடிவில்லாமல் போகும் தொடருக்குத் தம் முறைப்படி மதிப்பு −1/12 என்றார். அதே பாணியில் 1 + 8 + 27 + 64 என்று கனங்களைக் கூட்டிக்கொண்டே போனால் 1/120 வரும். காசிமிரின் விசைச் சூத்திரத்தின் கீழே ஒரு 240 உட்கார்ந்திருக்கிறது. அந்த 120-இன் இரட்டை.

இது வெறும் மாயவித்தை அல்ல என்பதை மாணவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: மிகக் குறுகிய அலைகளுக்கு உலோகமே ஒளி ஊடுருவும் பொருள்தான். எக்ஸ் கதிர் மெல்லிய தகட்டைத் தாண்டிப் போய்விடும். தட்டு இருப்பதே தெரியாத அலைகள் உள்ளேயும் வெளியேயும் ஒன்றுபோலவே இருந்து, ஒன்றை ஒன்று கழித்துக்கொள்கின்றன. முடிவிலிக்குக் காரணமான கும்பல் அதுதான். அது கழிந்த பிறகு, தட்டு இருப்பதை உணரும் அலைகளின் கணக்கில் மிஞ்சுவது அளவான சின்ன எண். காசிமிரும் இப்படித்தான் வாதாடினார்.

இழுக்க மட்டும்தான் தெரியுமா, தள்ளவும் தெரியுமா?
வாசகர், வேலூர்

தள்ளவும் தெரியும், ஆனால் வெற்றிடத்தில் இரண்டு தங்கத் தட்டுகளுக்கு நடுவே அல்ல. ஒரு பக்கம் தங்கம், எதிர்ப்பக்கம் சிலிக்கா, நடுவே புரோமோபென்சீன் என்ற திரவம். 2009-இல் அமெரிக்காவில் இதை அளந்து காட்டினார்கள்.

எங்கள் வீட்டுச் சுவரில் பல்லி ஒட்டிக்கொண்டு நிற்பதும் இந்த விசையால்தானா? அப்படியானால் அது ஏன் சில நேரம் தொப்பென்று விழுகிறது?
ஏழாம் வகுப்பு மாணவி, பொள்ளாச்சி

கண்ணு, உன் கேள்வியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பல்லியின் விரலடியில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் இருக்கின்றன. பெரிய மரப்பல்லி வகை ஒன்றில் ஒரு காலுக்கே ஏறக்குறைய ஐந்து லட்சம் என்று எண்ணியிருக்கிறார்கள். ஒவ்வொரு மயிரின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. அந்தக் கிளைநுனிகள் சுவரைத் தொடும் நெருக்கத்தில் வேலை செய்வது பெரும்பாலும் வான் டெர் வால்ஸ் விசை. ஓசூர்த் தொழிலாளிக்குச் சொன்னேனே, அந்த வீட்டுப் பெயர்.

விரலை நுனியிலிருந்து சுருட்டி உரித்தால் பிடி விட்டுவிடும். நடக்கும்போது அது அப்படித்தான் செய்கிறது. உன் வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு உதிர்கிறதா என்று பார். காலடியில் சுண்ணாம்புத் தூள் அப்பிக்கொண்டால் மயிர் சுவரைத் தொடாது, தூளைத்தான் தொடும். பல்லி விழுந்த இடத்துக்கு நேர் மேலே சுவரில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்து, விரலில் வெள்ளை ஒட்டியதா இல்லையா என்று அடுத்த கடிதத்தில் எழுது.